சுரங்கத்துக்குள் போன கரி எஞ்சின்

காட்பாடி,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள கயல்,

நைனா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் "மீட்டிங் இருக்கு நைனா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

உன் அம்மாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "நாவலைப் படமா எடுக்கிறாங்களாம், அதுக்கு நாற்பதாயிரம் கொடுத்திருக்கா" என்று கீரைக்காரம்மா வரைக்கும் சொல்லியாகிவிட்டது. நாற்பதாயிரத்தை அவள் பவுனில் கணக்குப் போடுகிறாள். நான் போடவில்லை. உன் சம்பளம், உன் இஷ்டம். ஆனால் "அமெரிக்காவில் ரசிகர்களே காசு போட்டுப் படம் எடுத்தாங்க" என்று அவளிடம் எதிர்வாதம் செய்தாய் பார், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது அயன் ராண்டின் 'அட்லஸ் ஷ்ரக்ட்' புத்தகத்தை "ரயில் கதை நைனா, உனக்குப் பிடிக்கும்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாய். ஆயிரம் பக்கத்துக்கு மேல். அகராதியும் கையுமாக நாலு மாதம் ஆனது. அப்புறம் உன் தம்பி லீவில் வந்தபோது மூன்று பாகப் படத்தையும் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். மூன்றாம் பாகத்தில் அவன் தூங்கிவிட்டான், நான் தூங்கவில்லை.

அமெரிக்க ரசிகர்கள் என்று நீ சொன்னது இந்தப் படத்தைத்தான். அது பாதி சரி. 1957இல் வந்த புத்தகம். 1972இல் 'காட்ஃபாதர்' தயாரிப்பாளர் ஆல்பர்ட் ரட்டி எடுக்கப் பார்த்தார், திரைக்கதையில் கடைசி அதிகாரம் தனக்கே வேண்டும் என்று அயன் ராண்ட் அம்மாள் சொன்னதால் நின்றுபோனது. ஜான் அக்லியாலோரோ என்ற தொழிலதிபர் 1992இல் உரிமையை வாங்கினார். பதினெட்டு வருடம் இழுத்து, 2010இல் உரிமை காலாவதியாகும் நேரத்தில் அவசர அவசரமாகப் படப்பிடிப்பு. முதல் பாகம் 2011 ஏப்ரல் 15 அன்று வந்தது. அங்கே வழக்கமாக அதுதான் வருமான வரிக் கணக்குக் கொடுக்கிற கடைசி நாள், அந்த வருடம் மட்டும் 18ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. வரி என்றாலே எரிந்துவிழுகிற கதைக்கு வேறு எந்த நாள் பொருந்தும்? ஏறக்குறைய 2 கோடி டாலர் போட்டு, தியேட்டரில் 50 லட்சம்கூடத் தேறவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் நடிகர்கள் மொத்தமாக மாறினார்கள். டாக்னி என்ற அந்தக் கதாநாயகிக்கு மூன்று முகம். முகத்தைப் பழகிக்கொள்வதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

ரசிகர்கள் காசு போட்டது மூன்றாம் பாகத்துக்கு, 2013இல். கேட்டது இரண்டரை லட்சம் டாலர். மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் சேர்ந்து நாலரை லட்சத்துக்குப் பக்கத்தில் கொடுத்தார்கள். ஆனால் படத்தின் பெரிய முதல் ஏற்கெனவே முதலீட்டாளர்களிடமிருந்து வந்துவிட்டது. ரசிகர்களிடம் கேட்டது விளம்பரத்துக்கும் ஊக்கத்துக்கும்தான். அதனால் "ரசிகர்களே எடுத்தாங்க" என்று இனிமேல் அம்மாவிடம் சொல்லாதே. சொல்லத்தான் வேண்டும் என்றால் 'மந்தன்' கதையைச் சொல். 1976இல் குஜராத் பால்காரர்கள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். அது அவளுக்குப் புரியும், பால் கணக்கு.

சுயநலமே தர்மம் என்கிற புத்தகத்தின் ரசிகர்கள் உண்டியலில் காசு போட்டார்கள் என்று அங்கே பலர் கேலி செய்தார்களாம். எனக்கு அதில் கேலி தெரியவில்லை. பிடித்த ஒன்றைப் பார்க்க முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்கள், அவ்வளவுதான்.

என் கவலை வேறு. நம்ம ஊரில் நடிகருக்குக் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றுகிறவன்கூட, இரண்டாம் நாள் டீக்கடையில் குரலைத் தாழ்த்தி "படம் தேறாதுப்பா" என்று சொல்லிவிடுவான். கருத்துக்கு ரசிகன் ஆனவனால் அது முடிவதில்லை. படம் மோசம் என்றால் கருத்தே தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி அவனுக்கு இருக்கிறது. விமர்சகர்கள் திட்டினால், அவர்களுக்கு நம் கொள்கை பிடிக்கவில்லை என்கிறான். சில பேருக்கு நிஜமாகவே பிடித்திருக்காது, சரி. ஆனால் வசனம் மரக்கட்டையாக இருப்பது கொள்கைக்கு நேர்ந்த அவமானமா?

சரி, ரயிலுக்கு வருகிறேன். அதற்குத்தானே கொடுத்தாய்.

அந்தப் புத்தகத்தில் எட்டு மைல் சுரங்கம் ஒன்று வருகிறது. வண்டியின் டீசல் எஞ்சின் பழுதாகி நிற்கிறது. உள்ளே ஓர் அரசியல்வாதி, உடனே போயாக வேண்டும் என்கிறான். மாற்று டீசல் இல்லை. இருப்பது கரி எஞ்சின், அந்தச் சுரங்கத்துக்குள் அது போனால் புகையில் எல்லோரும் மூச்சடைத்துச் சாவார்கள் என்று ஒவ்வொரு அதிகாரிக்கும் தெரியும். ஒருவரும் 'அனுப்பு' என்று எழுதவில்லை, 'அனுப்பாதே' என்றும் எழுதவில்லை. எஞ்சின் கொடு, பத்திரமாக அனுப்பு, தாமதம் கூடாது, இவ்வளவுதான் உத்தரவு. எந்த எஞ்சின் என்று எழுதினால் மாட்டிக்கொள்வோமே! காகிதம் கீழே கீழே இறங்கி, கடைசியில் ஒன்றும் தெரியாத ஒரு பையன் கையில் வந்து நிற்கிறது.

கயல், அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு இரவு எழுந்து தண்ணீர் குடித்தேன். முப்பத்திரண்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக அந்தக் காகிதங்களோடு குடும்பம் நடத்தியவன் நான். நீ பிறப்பதற்கு முன்னால், கண்ணமங்கலத்தில் மீட்டர் கேஜ் ஓடிய காலம். கேட்மேன் போனில் "கேட் சாத்தியாச்சு சார்" என்றால் மட்டும் சிக்னல் போட முடியாது. கேட் சாத்தியதற்குச் சாட்சியாக அவன் பிரைவேட் நம்பர் என்ற ஓர் எண்ணைத் தரவேண்டும், நான் அதைப் புத்தகத்தில் எழுதவேண்டும். ஒரு மழை ராத்திரி, கேட்மேன் போனையே எடுக்கவில்லை. வண்டியில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவருடைய ஆள் என் அறைக்கே வந்து கத்தினான். மேலிடத்திலிருந்தும் போன், "ஏன் நிறுத்தினாய்?" என்று மட்டும். "வண்டியை எடு" என்று யாரும் சொல்லவில்லை, கவனி. இருபத்தைந்து நிமிடம் பிடித்துவைத்தேன். அப்புறம் பார்த்தால், தண்டவாளத்துக்கு நடுவே கரும்பு வண்டி அச்சு முறிந்து கிடக்க, கேட்மேன் அதைத் தள்ளப் போயிருக்கிறான். எனக்குப் பரிசாக விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. உன் அம்மாவைக் கேள், அன்று நான் சாப்பிடவில்லை.

அதனால் அந்தப் பக்கங்களை எழுதியவருக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனால் அதே இடத்தில் அவரோடு எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது. வண்டி சுரங்கத்துக்குள் போகுமுன் அவர் பெட்டி பெட்டியாக நடந்து, இன்னார் இன்ன கொள்கைக்காரர் என்று பயணிகளைக் கணக்கெடுக்கிறார், அவர்களும் குற்றவாளிகள் என்பது போல. பிள்ளைகளைப் படுக்க வைக்கிற ஒரு தாயும் அந்தக் கணக்கில் உண்டு. நாங்கள் டிக்கெட் பார்த்திருக்கிறோம், யாருடைய கொள்கையையும் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தப் புத்தகம் சொல்கிற, அரசாங்க உதவியே இல்லாமல் ரயில் போட்ட வீரர்கள் கதை. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜாவுக்குத்தான் வந்தது. போட்டது தனியார் கம்பெனி. ஆனால் முதலீட்டுக்கு இவ்வளவு வட்டி நிச்சயம் என்று அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்திருந்தது. நஷ்டம் வந்தால் நம் வரிப்பணம். அந்தப் புத்தகத்துக்கு வட ஆற்காட்டிலிருந்து இப்படி ஓர் அடிக்குறிப்பு போடலாம்.

படத்துக்கு வருகிறேன். இரண்டாம் பாகத்தில் அந்தச் சுரங்க விபத்து இருக்கிறது. என் மனதில் வெடிச்சத்தம் மட்டும்தான் நின்றது. காகிதங்கள் நிற்கவில்லை. கருத்து முழுக்க அந்தக் காகிதங்களில் அல்லவா இருந்தது! அதே ஆசிரியை 1949இல் வந்த 'ஃபவுண்டன்ஹெட்' படத்தில், தன் இன்னொரு நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதி, கதாநாயகனின் கோர்ட் பேச்சை வெட்டவிடாமல் சண்டை போட்டுக் காப்பாற்றினார். கேரி கூப்பர் நிமிடக்கணக்கில் நின்றுகொண்டு பேசுகிறார். புத்தகத்தில் பேச்சு பிடிக்கவில்லை என்றால் பக்கத்தைத் தள்ளலாம், பிடித்தால் திரும்பப் படிக்கலாம். தியேட்டரில் இரண்டும் முடியாது.

1977இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வேலூருக்கு வந்தபோது நாங்கள் நாலு பேர் சைக்கிளில் போனோம். நாவலை அதற்கு முன்பே கிழியக் கிழியப் படித்தவர்கள், ஜெயகாந்தன் பைத்தியங்கள். ஒரு வரி விட்டாலும் சண்டை போடுவது என்றுதான் போனோம். நிறைய விட்டிருந்தார்கள். ஆனால் பக்கம் பக்கமாக கங்கா யோசித்ததை எல்லாம் லட்சுமி சும்மா உட்கார்ந்திருந்தே காட்டிவிட்டாள். திரும்பி வரும்போது பாலாற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி வாதாடினோம். ஒருத்தன், படம் நாவலைக் கெடுத்துவிட்டது என்று இன்றுவரை சொல்கிறான். ஜெயகாந்தன் மேல் அவனுக்கு இருந்த பக்தி அதனால் ஒரு துளி குறையவில்லை.

நீயும் அப்படி இரு. காசு போட்டவள் என்பதற்காகப் படத்துக்கு வக்கீலாகிவிடாதே. முதல் காட்சி பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் படம் எடுக்கிற பையன்களிடம் முகத்துக்கு நேரே சொல்.

இத்துடன் என் பங்கு இரண்டாயிரம் அனுப்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இரண்டு கிலோ உன் தம்பி வரும்போது கொடுத்தனுப்புகிறேன், அன்றே சமைத்துவிடு.

படத்தில் எங்காவது ஸ்டேஷன் வருகிறதா? வந்தால் கொடி பிடிப்பதை என்னிடம் கேட்டுக்கொள்ளச் சொல். எல்லாப் படத்திலும் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள்.

உன்
நைனா