புகாராவின் செங்கல் மாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உஸ்பெகிஸ்தான் போய் வருகிறவர்கள் சமர்கண்டின் நீல ஓடுகளைப் பற்றியே பேசுகிறார்கள். அதே நாட்டின் புகாரா நகரில் உள்ள, 9, 10ஆம் நூற்றாண்டுகளில் மத்திய ஆசியாவை ஆண்ட சாமானிட் அரச குடும்பத்தின் கல்லறை மாடத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

10ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பக்கத்துக்குச் சுமார் 10 மீட்டர், மேலே ஒரு பெரிய குவிமாடம், மூலைகளில் நான்கு சின்னக் குவிமாடங்கள், அவ்வளவுதான். பளபளக்கும் ஓடு கிடையாது. சுட்ட செங்கல்லையே படுக்கவைத்தும் நிறுத்தியும் சாய்த்தும் அடுக்கி, பாய் முடைந்ததுபோல் சுவரைப் பின்னியிருக்கிறார்கள். காலையில் பார்த்த சுவர் சாயங்காலம் வேறு சுவராகத் தெரிகிறது. நிழல் நகர நகர வேலைப்பாடும் மாறுகிறது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், சதுரம் மூலை வளைவுகளால் எண்கோணமாகி, அது வட்டத்தை நெருங்கிக் குவிமாடத்தைத் தாங்குவது புரியும். அந்தக் காலத்துக் கொத்தனாரின் கணக்கு நம் கண் முன்னாலேயே நடக்கிறது!

1220இல் செங்கிஸ்கானின் படை புகாராவை அழித்தபோதும் இது தப்பியது. மண்ணில் புதைந்து கிடந்ததே காப்பாற்றியது என்கிறார்கள்.

எங்களை அழைத்துப்போன சுற்றுலா நிறுவனம் இதற்கு ஒதுக்கியது பத்தே நிமிடம். மனசு கேட்கவில்லை. மாலையில் நானே நடந்து மறுபடி போனேன். வெளிச்சம் மங்கும்வரை அங்கேயே இருந்தேன்.

குழுவாகப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே பயண நிரலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்த இடத்துக்கு ஒரு மணி நேரமாவது கேளுங்கள். அப்புறம், அந்தச் செங்கற்களில் சாய்ந்து நின்று படம் எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்