நாலாவது வாரத்தோடு கோப்பை மூடாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் புகையிலைக் கட்டுப்பாட்டைக் கவனித்துவரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பீடி, சிகரெட்டை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேச, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஓர் அறை வேண்டும் என்று கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. ‘ஆலோசனை மையம் ஏற்கெனவே செயல்பட்டு வருவதால் கூடுகைக்கெனத் தனியாக இடம் ஒதுக்க வேண்டிய அவசியம் எழவில்லை.’ ஒரே வரி, ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. மனுவுக்குப் பதில் வருவதே பெரிய காரியம் என்பதால் முதலில் அதற்கு நன்றி. ஆனால் கேட்டது ஒன்று, பதில் சொன்னது வேறொன்று.

புகையிலையை விட உதவும் அந்த மையத்தின் வேலையைக் குறை சொல்லவில்லை. விடும் நாளைக் குறிக்கிறார்கள், பீடிக்குப் பதிலாக மெல்லும் நிகோட்டின் சூயிங்கம் பற்றிச் சொல்கிறார்கள், மூன்று நான்கு முறை வரச் சொல்கிறார்கள். பிறகு பதிவேட்டில் ‘நிறுத்திவிட்டார்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். உடம்பை மட்டும் பார்த்தால் அது சரிதான். முதல் மூன்று நாள்தான் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, வாய்ப்புண், மலச்சிக்கல் எல்லாம் பெரும்பாலும் நாலு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் ஒருவரை ‘விட்டவர்’ என்று எண்ணுவதற்குக் குறைந்தது ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கிறார்கள். நாலாம் வாரத்துக்குப் பிறகு ஆளைத் திரும்ப இழுப்பது பெரும்பாலும் ரத்தத்தில் இருக்கிற நிகோட்டின் இல்லை, இடமும் வேளையும்தான். சாயாக்கடை பெஞ்ச். சாவு வீட்டுப் பந்தல். ரப்பர் பால் வெட்டி முடித்து, சிரட்டை நிறையும்வரை சும்மா இருக்கிற அந்த இரண்டு மணி நேரம். அப்போது பக்கத்தில் இருக்க வேண்டியது டாக்டர் அல்ல, அதே பெஞ்சில் இருந்துகொண்டே விட்ட இன்னொரு ஆள். அதற்குத்தான் அறை கேட்டோம்.

மேற்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஆள் வீட்டில், பிள்ளைகள் கண்முன்னால். விடுவதற்கு இதைவிட நல்ல காலம் வராது, பலரும் விடுகிறார்கள். ஜூன் 5-ல் விட்டவருக்கு ஜூலை 30-ல் எட்டு வாரம் முடிந்துவிடும். உங்கள் பதிவேட்டில் அவர் வெற்றி. ஆகஸ்ட் பிறந்ததும் படகு போகும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகு என்றால் கரை திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே தளம், ராத்திரி வலைக்குக் காவல், கையில் பாலில்லாத கட்டன் சாயா, சுற்றிலும் பீடி. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போனில் சிக்னல் இருக்காது. புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356 நல்ல எண்தான், தமிழிலும் பேசுகிறார்கள். நடுக்கடலில் அதை எந்த போனில் கூப்பிடுவது?

அந்த ஆளுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, அதே படகில் இன்னொரு துணை. தடைக்காலத்திலேயே ஒரே படகுக்குப் போகிற இரண்டு பேரைச் சேர்த்து விட வைத்தால் இது நடக்கும், தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் நடக்காது. இன்னொன்று, கையில் சரியான கணக்கோடு சூயிங்கம். வழக்கமான பன்னிரண்டு வாரக் கணக்கில் முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஏழிலிருந்து ஒன்பதுவரை இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்கு ஒன்று, அதன்பின் நாலு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. படகேறும்போது ஒன்பதாம் வாரம் தொடங்கியிருக்கும். அந்த வாரத்துக்கு நாளுக்கு ஆறு வீதம் 42, பிந்தைய மூன்று வாரத்துக்கு நாளுக்கு நாலு வீதம் 84, ஆக 126. உப்புக்காற்று படாமல் இறுக மூடும் டப்பாவில் 130 கொடுத்தனுப்பினால் போதும். ஒரு வாரத்துக்கு உரியதை மட்டும் கொடுத்து ‘தீர்ந்ததும் வாருங்கள்’ என்றால் அவர் எங்கிருந்து வருவார்? 2022-ன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே நிகோட்டின் மாற்று மருந்து இடம்பெற்றுவிட்டது. ஆடம்பரம் எதையும் கேட்கவில்லை.

கொடுத்தால் மட்டும் போதாது, மெல்லவும் சொல்லித்தர வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். மிட்டாய் கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், ‘இது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எறிந்துவிடுவார்கள். மெதுவாக மெல்ல வேண்டும், காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும், காரம் தணிந்ததும் மறுபடி மெல்ல வேண்டும், இப்படி அரை மணி நேரம். எலுமிச்சை பிழிந்த கட்டன் சாயா குடித்துவிட்டு உடனே வாயில் போட்டால் பயனே இல்லை. வாயில் புளிப்பு இருந்தால் நிகோட்டின் உள்ளே இறங்காது, கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைத்த ஆளுக்கு 2 மில்லிகிராம் பத்தாது, 4 வேண்டும், அதை டாக்டர்தான் எழுத வேண்டும். இவ்வளவையும் வரிசையில் இருபது பேர் நிற்கும் வேளையில் ஓர் ஆலோசகரால் சொல்லிமுடிக்க இயலாது என்று எங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே மென்று பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

கூடுகையில் வேறென்ன நடக்கும் என்று ஒருவேளை கேட்பீர்கள். பிரசங்கம் கிடையாது. ஆசை கிளம்பினால் அது சில நிமிடம்தான் நிற்கும், அந்தச் சில நிமிடத்துக்கு யாருக்குப் போன் போடுவது என்று எண்களை மாற்றிக்கொள்வார்கள். கைக்கு வேலை கொடுக்க வலை பின்னலாம், வாய்க்குக் கிராம்பு, சுக்கு, வறுகடலை. எல்லாவற்றையும்விட முக்கியம், ‘ஒரு இழுப்பு இழுத்துட்டேன்’ என்று ஒருவர் சொல்லும்போது சுற்றி இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது. வீட்டில் சொன்னால் சண்டை. மையத்தில் சொல்ல வெட்கம், மூடிய கோப்பை எப்படித் திறப்பது? விட்டவர்களிடம் சொன்னால், மிச்சப் பீடிக் கட்டை இப்போதே தண்ணீரில் போடு, எந்த வேளையில் யாரோடு இருந்தபோது இழுத்தாய் என்று சொல், அந்த வேளைக்கு வேறு வழி பார்ப்போம் என்பார்கள். ஒரு இழுப்பு தோல்வி இல்லை. அதை மறைத்துவைப்பதுதான் மறுநாள் ஒரு கட்டாகிறது. பீடியை விட்டு மெல்லும் போயிலைக்குத் தாவியவரையும் இவர்கள்தான் பிடிப்பார்கள். மையத்தில் ஊதிப் பார்க்கும் கருவிக்கு அது பிடிபடாது. அது மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை மட்டும் அளக்கும், அதுவும் கடைசி ஒரு நாள் கதையைத்தான் சொல்லும். அந்தக் கருவிக்கும் ஒருமுறை ஊதி எறிய வேண்டிய அட்டைக் குழல் தீர்ந்துபோனால் அது அலமாரி அலங்காரம்தான்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். சிகரெட், பீடி அட்டையின் இருபுறமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம், உதவி எண்ணும் அங்கேதான். முறுக்கான் கடையில் சில்லறையாக ஒன்று வாங்கி, தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைப்பவர் அந்த அட்டையை எப்போது பார்ப்பார்? பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய்வரை அபராதம், சரி. ரசீதின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, கூடுகை எங்கே எப்போது என்று அங்கே அச்சடித்தால் அரசுக்கு என்ன நட்டம்? உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31-ல் வெயிலில் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தி, பதாகை பிடிக்க வைத்து, உறுதிமொழி எடுக்க வைக்கிறீர்கள். அவர்கள் யாரும் புகைப்பவர்கள் இல்லை. புகைப்பவர்கள் அடுத்த நாள், ஜூன் 1-ல், கரையில் இருக்கிறார்கள். அன்று அவர்களைப் பார்க்க யாரும் இருப்பதில்லை.

கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னியுங்கள். கேட்பது பழையதுதான், கூடவே மலையோரத்துக்கும் ஒன்று. கடற்கரைக்கு ஓர் அறை, ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்த பிறகு இரண்டு மணி நேரம். அன்று பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ஓர் அறை, வார நாளில் மாலை நாலு மணிக்கு. விடியுமுன் பால் வெட்டப் போகிறவர் ராத்திரிக் கூட்டத்துக்கு வரமாட்டார். முதல் அரை மணி நேரம் மட்டும் மையத்தின் ஆலோசகர் உட்கார வேண்டும், மீதியை விட்டவர்களே பார்த்துக்கொள்வார்கள். பங்கிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்திலேயே நடத்தலாமே என்று சிலர் சொன்னார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எல்லா மதத்தவரும் கூச்சமில்லாமல் படியேற வேண்டும் என்றால் அது அரசுக் கட்டடமாக இருக்க வேண்டும். பதிவேட்டில் நாலாம் வாரத்துக்குப் பிறகு மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களுக்கும் ஒரு கட்டம் வரையுங்கள்.

நாற்காலி நாங்கள் கொண்டுவருகிறோம். சாயாவும் எங்கள் செலவு. சாவியை மட்டும் ஜூன் 1-க்கு முன் தந்து உதவுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடற்கரையிலும் மலையோரத்திலும் புகையை விட்டு நிற்பவர்கள்