துப்ராவ்கா உக்ரேஷிச் 'புலம்பெயர்ந்தவர்' அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இலக்கியப் பக்கத்தில் துப்ராவ்கா உக்ரேஷிச் பற்றி வந்த சின்னக் குறிப்பைப் படித்தேன். 'ஆம்ஸ்டர்டாமுக்குப் புலம்பெயர்ந்த குரோஷிய எழுத்தாளர்' என்று ஒரே வரியில் அறிமுகத்தை முடித்துவிட்டீர்கள். ஊர் சரிதான், ஆனால் அந்த வரியைப் படித்தால் ஏதோ நல்ல வேலை கிடைத்துப் போனவர் மாதிரி இருக்கிறது. அவரைத் துரத்தினார்கள், சார்.

1949-ல் குட்டினா என்ற ஊரில் பிறந்தவர். அம்மா பல்கேரியாக்காரர். குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப்பின் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய இலக்கியமும் ஒப்பிலக்கியமும் படித்துவிட்டு அங்கேயே ஆய்வாளராக வேலை பார்த்தார். 1981-ல் காதலுக்கு ஏங்கும் ஒரு டைப்பிஸ்ட் பெண்ணைப் பற்றி ஒரு நாவல் எழுதினார், அதில் தையல் புத்தகத்தில் வருவதுபோல எங்கே வெட்டுவது, எங்கே சுருக்கு வைப்பது என்று குறிகள் எல்லாம் போட்டு, கதையையே ஒரு துணியாக நம் கையில் கொடுத்துவிடுவார். 1984-ல் அது படமாகவும் வந்தது. 1988-ம் ஆண்டுக்கான நின் விருது, அப்போது குரோஷியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவின் பெரிய நாவல் விருது, அவருக்குத்தான் கிடைத்தது. அதை வாங்கிய முதல் பெண் அவர்.

அப்புறம் நாடு உடைந்து போர் வந்தது. 'சுத்தமான குரோஷியக் காற்று' என்று எழுதிய காலி டப்பாக்களை நினைவுப்பொருளாக விற்ற காலம் அது. அந்த 'சுத்தம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, நாட்டுப்பற்று என்ற பெயரில் நடப்பதையெல்லாம் 1992-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் ஸாக்ரெப்பின் குளோபஸ் வார இதழ் அவரையும் எழுத்தாளர் ஸ்லாவென்கா த்ராகுலிச் உள்ளிட்ட வேறு நான்கு பெண்களையும் சூனியக்காரிகள் என்று எழுதியது. அவர்கள் எந்த இனம், கல்யாணம் ஆனவர்களா என்பதுவரை பட்டியல் போட்டது! கூட வேலை பார்த்தவர்களே முகம் கொடுக்காமல் போக, 1993-ல் அவர் நாட்டைவிட்டே கிளம்பிவிட்டார்.

ஆம்ஸ்டர்டாமுக்கு முன்னால் பெர்லினில் இருந்த வாழ்க்கையிலிருந்து வந்த நாவல்தான் 'நிபந்தனையற்ற சரணாகதி அருங்காட்சியகம்'. அதன் முதல் பக்கத்தை என்னால் மறக்கவே முடியவில்லை. பெர்லின் மிருகக்காட்சிசாலையில் 1961 ஆகஸ்டில், நகரை இரண்டாகப் பிரித்த சுவர் எழும்பிய சில நாட்களில், ரோலண்ட் என்ற வால்ரஸ் செத்துப்போகிறது. அதன் வயிற்றிலிருந்து எடுத்தவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்: இளஞ்சிவப்பு லைட்டர், ஐஸ் குச்சிகள், பூடில் நாய் வடிவ புரூச், குழந்தையின் தண்ணீர்த் துப்பாக்கி, சாவிக்கொத்து, ஊசியும் நூலும் இருந்த ஒரு சின்னப் பை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு சம்பந்தம் வந்துவிடுகிறது. ஊரை இழந்தவர்களின் நினைவும் அப்படித்தான் அந்த நாவல் முழுக்க வருகிறது. புகைப்படம் வைத்திருக்கும் அகதிகள், வைத்திருக்காத அகதிகள் என்று அகதிகளை இரண்டாகப் பிரிக்கும் இடம் ஒன்று உண்டு, அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

2016-ல் அமெரிக்காவின் நியூஸ்டாட் இலக்கியப் பரிசு கிடைத்தது. 2023 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமிலேயே இறந்தார். தன்மேல் ஒரு நாட்டின் பெயரை ஒட்டுவதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை, அதனால் 'குரோஷிய எழுத்தாளர்' என்பதைக்கூட யோசித்துத்தான் போட வேண்டும். அடுத்த முறை அரைப் பக்கமாவது ஒதுக்கி, அந்த 1992 டிசம்பரில் நடந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்