கடற்போர் வந்த நாளிதழ்கள்

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் அனைவரின் நலமறிய ஆவல். விடுமுறை நாள்களை இந்த ஊரில் எப்படிக் கழிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். பழைய நாளிதழ்களை, அதிலும் கடற்போர்ச் செய்திகள் வெளியானவற்றைத் தேடி வாங்கிச் சேர்த்து வருகிறேன்.

என்னிடம் இருப்பவற்றுள் நான் பெரிதும் மதிப்பது 1916 ஜூன் 3ஆம் தேதியிட்ட ‘தி டைம்ஸ்’. அதன் முதல் பக்கத்தைப் பார்த்தால் போர் நடந்ததாகவே தெரியாது. 1966 வரை அந்தப் பக்கம் விளம்பரங்களுக்கே உரியதாக இருந்தது. உள்ளே புரட்டினால்தான் முதல் உலகப் போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாந்துக் கடற்போரில் குயின் மேரி, இன்டிஃபேடிகபிள், இன்வின்சிபிள் ஆகிய மூன்று பெரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கிய செய்தி கண்ணில் படும். ஜெர்மனி முந்திக்கொண்டு வெற்றி முழக்கம் செய்துவிட்ட நிலையில், பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை தன் இழப்புகளை ஒளிக்காமல் பட்டியலிட்டதால், படித்தவர்கள் தோற்றுவிட்டோம் என்றே கலங்கினார்கள். ஜெர்மனியோ, தன் லுட்சோவ் கப்பலை இழந்ததை ஜூன் 7 வரை மூடி மறைத்தது. ஆகவே ஒரு நாள் இதழை மட்டும் வாங்குவதில் எனக்கு நிறைவில்லை. அடுத்த வாரம் வரை தொடர்ச்சியாகக் கிடைத்தால்தான் செய்தி நாளுக்கு நாள் எப்படி மாறியது என்பது புலப்படுகிறது.

சில நாள்களின் மௌனமும் சேகரிக்கத் தக்கதே. 1914 அக்டோபர் 27இல் ஆடேசியஸ் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அயர்லாந்துக்கு வடக்கே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியதை ஒலிம்பிக் கப்பலின் பயணிகள் நேரிலேயே கண்டார்கள், படமும் எடுத்தார்கள். அமெரிக்க இதழ்கள் எழுதிவிட்ட அந்தச் செய்தியை, போர் ஓய்ந்த பிறகு 1918 நவம்பர் 14இல்தான் இங்கே ஒப்புக்கொண்டார்கள்! பகைவனிடமிருந்து மறைத்ததைவிடச் சொந்த மக்களிடமிருந்து மறைத்ததே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரக்கூழ்த் தாள் என்பதால் பழுத்து, மடிப்போரத்தில் விரல் பட்டாலே பொடிப்பொடியாய் உதிர்கிறது. பசைநாடா ஒட்டுவது கேட்டைக் கூட்டும். அமிலமில்லாத உறையில் மடிக்காமல், வெளிச்சம் படாமல் வைத்திருக்கிறேன். மறுபதிப்புகளை அசல் என்று விற்பவர்களும் உண்டு. அசலைப் படியெடுத்ததற்கு அடையாளமாகப் பழைய மடிப்பின் நிழல் மையோடு சேர்ந்து அச்சாகியிருந்தால் வாங்காமல் வந்துவிடுவேன்.

இப்போது 1941 மே மாத இறுதி வாரத்து இதழ்களைத் தேடுகிறேன். பிரிட்டனின் ஹூட் போர்க்கப்பல் மூழ்கி, அதில் இருந்த 1,418 பேரில் மூவரே பிழைத்ததும், அதை மூழ்கடித்த ஜெர்மனியின் பிஸ்மார்க் மூன்றே நாளில் மூழ்கியதும் அந்த வாரத்தில்தான். கிடைத்ததும் படமெடுத்து அனுப்புகிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்