சலுகை மீட்டருக்கா, குடும்பத்துக்கா?

ஆசிரியருக்கு,

மின் மானியச் சுமை குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். மானியம் எவ்வளவு என்பதைவிட, அது யாரைச் சென்றடைகிறது என்பதே முதன்மையான கேள்வி. தமிழகத்தில் 2016 முதல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் இச்சலுகை இணைப்புக்கே உரியது, குடும்பத்துக்கு அல்ல. மூன்று வீடு வைத்திருப்பவர் மூன்று இணைப்புக்கும் சலுகை பெறுகிறார். ஒரே இணைப்பில் நான்கு குடித்தனம் இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து 100 யூனிட்தான். கூட்டுப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் குறைந்த கட்டணப் படிநிலையும் பறிபோகிறது.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் நிலைமை இதுதான். வீட்டு உரிமையாளர் உள்ளே வீட்டுக்கு வீடு சப் மீட்டர் பொருத்தி, முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு 9 ரூபாய் வசூலிக்கிறார். ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டுமே வைத்திருக்கும் கடைசி வீட்டு மூதாட்டிக்கும் அதே கணக்கு. மதியத்தில் அவர் விசிறியை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து அமர்கிறார். யாருக்காக அறிவிக்கப்பட்ட சலுகையோ, அவருக்கே அது கிட்டவில்லை என்பது வேதனை. தனிச் சமையலறையும் குடும்ப அட்டையும் உள்ள வாடகைதாரர் ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு வழங்க மின் வாரியம் முன்வர வேண்டும். இணைப்புக் கட்டணத்தையும் வைப்புத்தொகையையும் மின் கட்டணத்துடன் சிறு தவணைகளாகப் பெற்றுக்கொள்ளலாம்.

- வாசகர், செல்லூர், மதுரை