தீவு விடுதி நிர்வாகிகளுக்கு: உங்கள் ஊழியர்களுக்குத் தெரிந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்

வெப்பமண்டலத் தீவுகளில் விடுதி நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

கடலைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. உங்கள் தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறது, எந்த நேரத்தில் தண்ணீர் அதன் வழியாக வெளியே ஓடும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த ஓட்டம் எவ்வளவு கூடும் என்பதெல்லாம் உங்கள் படகோட்டிகளுக்கு மனப்பாடம். அதில் ஒரு வரிகூட விருந்தினர்களுக்கு ஏன் வந்து சேர்வதில்லை என்பதுதான் என் கேள்வி.

அண்மையில் ஒரு தீவு விடுதியில் என் அக்காவைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. பிழைத்துவிட்டார். பிழைத்ததால்தான் என்னால் இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

அக்காவுக்கு நன்றாக நீந்தத் தெரியும். கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கருநீலமாக, அமைதியாகக் கிடந்தது. நீந்த அதுதான் நல்ல இடம் என்று நினைத்தார். கடலோடு பழகாத யாராக இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீரெல்லாம் திரும்பி வெளியே போகும் பாதை அது. ரிப் கரண்ட் என்று சொல்கிறார்களே, அந்த இழுவை நீரோட்டம். வேகமாக ஓடும் நேரத்தில் நொடிக்கு இரண்டரை மீட்டர் வரைகூடப் போகும். ஒலிம்பிக் வீரரால்கூட அதை எதிர்த்து நீந்திக் கரைசேர முடியாது.

ஆனால் அந்த ஓட்டம் ஆளைக் கீழே அமுக்குவதில்லை, வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். கரையைப் பார்த்து நேராக நீந்தப் போராடுகிறவர்கள்தான் களைத்து மூழ்குகிறார்கள். பதறாமல் மிதக்க வேண்டும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். ஓட்டத்தை விட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வந்து இறங்கியதும் குளிர்ந்த துண்டு கொடுத்தார்கள், பானம் கொடுத்தார்கள், மசாஜ் நேரங்களையும் இரவு விருந்துக்கு எந்த உடை பொருந்தும் என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்கா கத்தவும் இல்லை. மூழ்கிக்கொண்டிருப்பவரால் பெரும்பாலும் கத்த முடியாது, மூச்சை இழுக்கவே வாய் போதாது. கையை உயர்த்தி ஆட்டவும் முடியாது, தலையை மேலே வைத்திருக்கக் கைகள் தண்ணீரை அழுத்திக்கொண்டே இருக்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு யாரோ நின்றபடி மிதக்கிறார் என்றுதான் தோன்றும். இந்த வித்தியாசம் பயிற்சி பெற்ற கண்ணுக்குத்தான் பிடிபடும். அந்தக் கரையில் பானம் கொண்டுவர ஆள் இருந்தார், சாய்வு நாற்காலியில் துண்டு விரிக்க ஆள் இருந்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர்கூட இல்லை. துடுப்புப் பலகையில் அந்தப் பக்கம் போன இன்னொரு விருந்தினர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். என் அக்கா இன்று உயிரோடு இருப்பது அந்தத் தற்செயலால்தான்.

அதற்குப் பிறகு வந்த இரவை நீங்கள் அறிய வேண்டும். ஆக்சிஜன் உருளை டைவிங் மையத்துக்குள் இருந்தது, மையம் பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். மூச்சு நின்றுவிட்டால் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான் என்று தெரிந்த எவரும் ஆக்சிஜனைப் பூட்டிவைக்க மாட்டார்கள். சாவி வந்தது, அக்கா கொஞ்சம் தெளிந்தார். ஆனால் தண்ணீர் நுரையீரலுக்குள் போனவருக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சு மோசமாகலாம். பொழுது சாய்ந்ததும் இருமல் கூடியது, மூச்சு வாங்கத் தொடங்கியது. எங்களை அங்கே கொண்டுவந்த கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் விரைவுப் படகும் கிளம்பாது என்றார்கள். தீவில் மருத்துவர் இல்லை. செவிலியர் ஒருவர் வேறு எங்கோ இருந்த மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். அவருக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். விடியும்வரை அக்காவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த அறையிலிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்பதற்காகக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தோம்.

காலையில் எங்கள் பெட்டிகளைத் தூக்கி வந்த ஊழியர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். அந்த இடத்தில் அவர்கள் யாருமே இறங்க மாட்டார்களாம். முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். விருந்தினர்களைப் பயமுறுத்தக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் முழுக்க அந்த உத்தரவு மேல்தான்.

மேலாளரோ நாங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், விருந்தினர் தம் சொந்தப் பொறுப்பில் நீந்த வேண்டும் என்று இருந்தது. சரி, பொறுப்பு எங்களுடையதாகவே இருக்கட்டும். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளத் தேவையான தகவலை யார் தருவது? எது ஆபத்தான இடம் என்பதை மறைத்துவிட்டு முடிவு உங்களுடையது என்று சொல்வது நேர்மையா?

சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில் உள்ள மை காவ் கடற்கரையில் ஒரு 10 வயது பிரிட்டிஷ் சிறுமி, பள்ளியில் புவியியல் வகுப்பில் கற்றதை வைத்து, கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தே சுனாமி வருகிறது என்று புரிந்துகொண்டாள். பெற்றோரிடம் சொன்னாள், அவர்கள் விடுதி ஆட்களிடம் சொன்னார்கள், அவர்களும் நம்பிக் கரையைக் காலிசெய்தார்கள். அங்கே இருந்தவர்கள் பிழைத்தார்கள். தெரிந்த ஒருவர் சொன்னதும், அதை விடுதி காதுகொடுத்துக் கேட்டதும்தான் அன்று உயிர்களைக் காப்பாற்றின.

சொல்லாமல் விடுவது ரிப் கரண்ட் மட்டும் அல்ல. டைவிங் முடித்த பிறகு விமானம் ஏறப் பொதுவாக 18 மணி நேரமாவது விட வேண்டும் என்பது டைவிங் கற்ற எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் மறுநாள் காலை கிளம்புகிறவருக்கு மாலை டைவிங்கை விற்கிறார்கள். ஸ்நார்கெலிங் செய்ய, அதாவது நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய் வழியே மூச்சுவிட்டுக் கடலடியைப் பார்க்க, முகமூடியைக் கொடுக்கிறவர்கள் இதயக் கோளாறு உண்டா என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் கடலில் இறப்பதற்கு ஸ்நார்கெலிங் ஒரு முக்கியக் காரணம். அதுவும் பல நேரங்களில் அமைதியான தண்ணீரில், சத்தமே இல்லாமல். கல்மீன் முள் குத்தினால் கால் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அதை வைக்க வேண்டும், பெட்டி ஜெல்லிமீன் பட்ட இடத்தில் வினிகர் ஊற்ற வேண்டும். எத்தனை கரைகளில் ஒரு வினிகர் புட்டியாவது இருக்கிறது? உங்கள் இணையப் பக்கங்களில் தலையணை வகைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. தீவில் மருத்துவர் இருக்கிறாரா, கரையில் உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்பதைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம்.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். விருந்தினர் வந்து இறங்கியதும், உங்கள் ஊழியர்களுக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். எங்கே இறங்கக் கூடாது என்பதைத் தீவின் வரைபடத்தில் குறித்துக் கையில் கொடுங்கள். நீந்த அனுமதிக்கும் நேரம் முழுவதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளரைக் கரையில் நிறுத்துங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவே நீந்தலாம் என்பதைப் பல நாடுகளில் குழந்தைகள்கூட அறிவார்கள், அந்தக் கொடிகளை நடுங்கள். மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்தினால் மட்டும் போதாது, செயற்கை மூச்சும் கொடுக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவரும், பூட்டில்லாத ஆக்சிஜனும் கரையிலேயே இருக்கட்டும்.

செலவாகும், தெரியும். அதை எங்கள் கட்டணத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், தருகிறோம். ஆனால் தெரிந்ததைச் சொல்வதற்குச் செலவே இல்லை, பயமுறுத்தாதே என்ற அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றால் போதும். அடுத்த படகில் வந்து இறங்குகிறவர்களிடமிருந்தே இதைத் தொடங்குங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அந்த இரவு முழுக்க விழித்திருந்த ஒரு தங்கை