அக்கி ஆறியும் ஆறாத வலி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி சந்தோஷம். அக்காவைப் பற்றி எழுதியதுதான் மனதை உறுத்துகிறது. அக்கி கொப்புளங்கள் உதிர்ந்து மாதக்கணக்கான பிறகும், முந்தானை உரசினாலே விலாவில் தீயாய் எரிகிறதாமே. வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்கிறார்களாம். அப்படிச் சொல்பவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ்தான் அக்கியாகத் திரும்பி வருகிறது. அத்தனை வருடமும் அது பதுங்கியிருப்பது முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில். தொடுகையையும் வலியையும் உணரும் நரம்பு செல்களின் உடல்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் துணை செல்கள் சில இறுகச் சுற்றியிருக்கும். இவை கிளியா வகை, அதாவது நரம்பு செல்லுக்கு உதவியாக இருக்கும் வேறு செல்கள். நாம் படித்த காலத்தில் இவற்றை வெறும் முட்டு என்று ஒரு வரியில் தாண்டிவிட்டார்கள். உண்மையில் நரம்பு காயப்பட்டால் இந்தத் துணை செல்கள் ஒன்றோடொன்று கூடுதலாக இணைந்துகொள்கின்றன. ஒரு நரம்பு செல் துடித்தால் பக்கத்தில் சும்மா இருந்ததும் கிளம்பிவிடுகிறது.

தண்டுவடத்தில் நடப்பது இன்னும் விசித்திரம். காயப்பட்ட நரம்பின் சேதி கேட்டு அங்குள்ள மைக்ரோகிளியா செல்கள், அதாவது கிளியாவிலேயே நோயெதிர்ப்பு வேலை பார்ப்பவை, உருமாறுகின்றன. அவற்றில் செல்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறை உணரும் ஓர் ஏற்பி பெருகுவதையும், அதைத் தடுத்தால் எலிகளுக்கு லேசான தொடுகை வலிப்பது குறைவதையும் 2003இல் ஜப்பானில் சூடா, இனோவே குழுவினர் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து கனடாவிலிருந்து அடுத்த கண்ணி கிடைத்தது. மைக்ரோகிளியா விடும் பி.டி.என்.எஃப். என்ற புரதம், நரம்பு செல்லுக்குள் குளோரைடு அளவைக் குலைக்கிறது. அதனால் வலியை அடக்க வேண்டிய சமிக்ஞையே அதைத் தூண்டுகிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி சீறுவது மாதிரி. சேலை பட்டு எரிவதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

இதெல்லாம் பெரும்பாலும் ஆண் எலிகளிடம் பார்த்தது! 2015இல் வலி ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி மோகில் குழு பெண் எலிகளையும் சோதித்தது. அவற்றுக்கும் அதே வலிதான், ஆனால் மைக்ரோகிளியாவை அடக்கியும் பலனில்லை. அங்கே வேலை பார்ப்பது டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் போலிருக்கிறது. இத்தனை நாள் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்குக் கோபமே வந்தது. கிளியாவைக் குறிவைத்த ஒரு மருந்தை அக்கிக்குப் பிந்தைய வலிக்காரர்களிடமே சோதித்தார்கள்; பலிக்கவில்லை. இப்போது தரும் கபாபென்டின், பிரிகாபலின் எல்லாம் நரம்பு செல்லின் கால்சியம் வாயில்களைப் பிடிப்பவை. தூக்கம் வரும், தலை சுற்றும். அக்கா ராத்திரி எழுந்து நடக்கும்போது யாராவது கூட இருக்கட்டும். டாக்டரைக் கேட்காமல் சட்டென்று மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

அப்புறம், அக்கிக்கு இரண்டு தவணைத் தடுப்பூசி இப்போது நம் நாட்டிலேயே கிடைக்கிறது. 50 தாண்டியவர்களுக்கு. விலை கொஞ்சம் கடிக்கும். அடுத்த மாதம் நீ இங்கே வரும்போது டாக்டரிடம் கேட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்தே போட்டுக்கொள்வோமா? பதில் போடு.

அன்புடன்,
சுந்தரம்